முந்நூற்றைத் தாண்டிய முடிச்சுகள்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. எங்கள் ஊர் நூலகக் குழுவுக்கு என்னைப் பொருளாளராக்கப் போகிறார்கள். படிவம் மேசைமேல் கிடக்கிறது. 'யாருக்காவது கடன் பாக்கி உண்டா?' என்று அதில் ஒரு கேள்வி. மணப்பட்டு நண்பன் பலராமனிடம் ஒன்பது வருஷத்துக்கு முன் வாங்கிய ஐம்பது ரூபாய் பகீரென்று நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்ப் படிவத்தைக் காட்டினேன். பணத்தைப் பற்றி மனுஷன் மூச்சு விடவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் தன் அத்தை காசம்மாளுக்கு நடந்ததைச் சொன்னான். கேட்டதும் புல்லரித்துப் போய், வந்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்!

2

முதல் தொடக்கம்: 'கடல் அன்று அமைதியாக—' வேண்டாம். கடலுக்கு இதில் வேலையே இல்லை.

இரண்டாவது: 'காசம்மாள் உத்தமி. ஒருநாளும் அவள்—' ஐயையோ, மீன் விற்கிறவள். நேற்றுப் பிடித்ததை இன்றைக்குப் பிடித்தது என்று ஒருதரமாவது சொல்லியிருக்க மாட்டாளா?

சரி, நேராகவே போகிறேன். 1957. பிரெஞ்சுக்காரன் போய் மூன்று வருஷம். பாகூரில் புதிதாக ஒரு கூட்டுறவுச் சங்கம். தலைவராகப் போகிறவர் குருவிநத்தத்துக் கரும்புக்காரர் அரங்கநாதன். பணப்பெட்டிச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்டதும், மணப்பட்டார் எல்லாரும் ஒரே குரலாகக் காசம்மாள் என்றார்கள்.

"அவளா? எங்கிட்டயே இன்னும் நாப்பது ரூவா பாக்கி!" என்று எழுந்தார் அரங்கநாதன். "கடன் பாக்கி இருக்கறவங்களுக்குப் பதவி கெடையாதுன்னு மொதல்ல எழுதுங்க சார்."

புதுச்சேரியிலிருந்து வந்திருந்த அதிகாரி எழுதினார். எல்லாரும் கை தூக்கினார்கள். அது விதியாகிவிட்டது.

3

(இடையில் ஒரு விளக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். காசம்மாளின் புருஷன் கட்டுமரத்துக்காக வாங்கிய கடன் அது. வட்டியோடு முந்நூறு. அவன் செத்தபின் அவள் அதை மீனாகவே அடைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு கூடை, கூடைக்கு ஒரு ரூபாய். அரங்கநாதன் மனைவி விருத்தாம்பாள் அடுப்பங்கரைச் சுவரில் கரிக்கோடு போடுவாள். பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், கோடெல்லாம் போய்விடும். அப்புறம் அரங்கநாதன் ஞாபகத்திலிருந்து சொன்னதுதான் கணக்கு. அவர் தெரிந்தே ஏமாற்றினாரா? இந்த இடத்தில் மூன்று தாள் கிழித்தேன். எனக்குத் தெரியவில்லை.)

4

காசம்மாள் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்து, ஒரு வலைக்கயிற்றைத் தூக்கி அதிகாரியின் மேசைமேல் போட்டாள்.

"எனக்கு எண்ணத் தெரியாது சார். முடிச்சுப் போடத் தெரியும். கூடைக்கு ஒண்ணு. நீங்க எண்ணுங்க."

எண்ணினார்கள் பாருங்கள்! அதிகாரி விரலால் தொட, கூட்டமே சத்தம் போட்டு எண்ணியது. நூறு. இருநூறு. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. முந்நூறு! துண்டுகள் பறந்தன, பெண்கள் குலவையிட்டார்கள். இதை எழுதும்போது நானும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

ஆனால் கயிறு முடியவில்லை. அதிகாரி விரலை எடுக்கவில்லை.

முந்நூற்று முப்பத்தெட்டு.

"அப்டின்னா தலைவருதான் காசம்மாளுக்கு முப்பத்தெட்டு ரூவா பாக்கி!" என்று எவனோ கத்தினான். காசம்மாளே அப்போதுதான் வாயைப் பிளந்தாள். கூட்டம் சிரித்துத் தள்ளியது. அரங்கநாதன் மட்டும் சிரிக்கவில்லை. விதி அவர் போட்டது.

பணத்தை எடுத்து வீசியிருக்கலாமே என்கிறீர்களா? மடியைத் தொட்டாரே!

"பணத்த வுடு அய்யா," என்றாள் காசம்மாள். "முடிஞ்சுபோன கடனுக்கு ஊரெல்லாம் என்னைக் கடன்காரின்னியே, அத எத்தினி கூடைல அடைப்ப?"

அதிகாரி பேனாவைத் திறந்தார். "கயித்த நான் எழுத முடியாதுங்க. கடன் குடுத்தவர் சொல்லணும். முடிச்சு சரிதானா?"

சரி என்றால் சாவி அவளுக்கு, பதவி இவருக்கு இல்லை. பொய் என்றால் இவர் தலைவர், அவள் சாகிற வரைக்கும் கடன்காரி. அரங்கநாதன் கயிற்றைக் கையில் எடுத்தார்.

5

பலராமன் இந்த இடத்தில் நிறுத்திவிட்டான்.

"அப்புறம் இன்னாடா ஆச்சு?"

"நீதான எழுதறவன், நீயே சொல்லேன்," என்று என் படிவத்தைப் பார்த்தான். வெட்கத்தில் காது சுட்டது.

முடிவு அ: 'சரிதான் என்றார் அரங்கநாதன். கண்கலங்கி—' சீ, இவ்வளவு சுலபமா?

முடிவு ஆ: 'கயிறு பொய் என்று—' எழுதக் கை வரவில்லை.

அவர் போட்ட விதிப்படி பார்த்தால், முடிவு எழுதும் பதவிக்கு எனக்குத் தகுதி கிடையாது. ஐம்பது ரூபாய் இன்னும் பாக்கி. படிவத்திலும் 'உண்டு' என்று எழுதிவிட்டேன். ஆகவே வாசகரே, யாருக்கும் எதுவும் பாக்கி வைக்காதவர் நீங்கள் என்றால் வாருங்கள், அரங்கநாதன் இன்னும் கயிற்றோடு நிற்கிறார், அவர் வாயில் ஒரு வார்த்தையை வையுங்கள்.

அப்படி இல்லையென்றால் அந்தச் சாவியைக் காசம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.