காணவில்லை என்றொரு சாட்சி

என் கணவர் முஸ்தாக்குக்கு எல்லாமே முந்தி நடக்க வேண்டும். பிள்ளை பிறக்குமுன் பெயர் வைக்கிற ரகம். கல்முனைக்குடியில் எங்கள் புடவைக்கடை முகப்பில், நோன்பு இருபத்தெட்டில், ஒரு பேனர் ஏறியது: "கரும்பொருள் அழிவதைக் கண்டுபிடித்த எமது மண்ணின் மகள் கலாநிதி றிஸ்லாவுக்கு நல்வாழ்த்துகள்." கடையின் பெயர் என் பெயரைவிடப் பெரிதாக இருந்தது.

நான் அப்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை. அது அழிகிறதா என்று பார்த்த என் மூன்று வருடக் கணக்கு அன்று காலைதான் முடிந்தது. பிரபஞ்சமெங்கும் நிறைந்திருக்கும் கரும்பொருள் கண்ணுக்குத் தெரியாது. அதன் ஈர்ப்பு மட்டும் தெரியும். பிரபஞ்சம் பச்சைக் குழந்தையாக இருந்தபோது அது எவ்வளவு இருந்தது என்பதை வானத்தின் மிகப் பழைய ஒளி சொல்லும். இப்போது எவ்வளவு என்பதைத் தூரத்து ஒளி வரும் வழியில் வளைகிற அளவு சொல்லும். சம்மாந்துறையில் என் வாப்பா நெல் மூட்டையை அடுக்கும்போதும் நிறுப்பார், எடுக்கும்போதும் நிறுப்பார். நானும் அதைத்தான் செய்தேன். நிறை குறையவில்லை. அழிகிறதென்றாலும் பிரபஞ்சத்தின் வயதைப்போலப் பல மடங்கு காலம் பிடிக்கும்.

"பேனர இறக்குங்க," என்றேன்.

முஸ்தாக் தலையில் கை வைத்தார். "ஊரெல்லாம் சொல்லிட்டன் புள்ள. பள்ளி மரைக்கார் பெருநாளண்டு பொன்னாட போர்த்த வாறார். கொஞ்சமாவது அழியிது எண்டு சொல்லன்."

"அதுக்கு ஒரு அடையாளமும் இல்ல."

"அப்ப மூணு வருசமா நீ ஒண்டும் காணல்லயா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அதனால்தான் எனக்கு வலித்தது. என் வீட்டிலேயே என் வேலை வேலையில்லை என்றால் வெளியில் யாரிடம் போய்ச் சொல்வது? அன்று நோன்புக் கஞ்சியில் உப்பில்லை. மறதிதான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

மறுநாள் பிறை பார்க்கும் நாள். எங்களுக்குக் கடல் கிழக்கே, பிறை மேற்கே வயல் பக்கம். ஆகவே கடற்கரையை நம்பிப் பயனில்லை. எங்கள் கடைக்கு மேலே மூன்றாம் மாடிதான் வசதி. பள்ளிவாசலை நிர்வகிக்கும் ஆதம்பாவா மரைக்காரும் நாலைந்து பேரும் ஏறி வந்தார்கள். முஸ்தாக் ஒரு மூலையில் பிறை தெரியக் கூடாதென்று துஆக் கேட்டுக்கொண்டிருந்தார். தெரிந்தால் நாளை பெருநாள், கடை பூட்டு. தெரியாவிட்டால் இன்னொரு நாள் வியாபாரம்.

"அந்தா பிறை!" என்றார் றஸாக் காக்கா. வருடாவருடம் ஊருக்கு முந்திப் பிறை காண்பவர் அவர்.

"கொம்பு எந்தப் பக்கம் இரிக்கி?" என்று மரைக்கார் கேட்டார்.

"மேல... இல்ல, இடப் பக்கம்..."

அதற்குள் பிறை சிறகடித்தது. வயலிலிருந்து திரும்பும் கொக்கு.

இருட்டும்வரை பார்த்துவிட்டு மரைக்கார் கொழும்பில் பிறைக்குழுவுக்குப் போன் எடுத்தார். "வானம் தெளிவு. எல்லாரும் நல்லாப் பார்த்தம். காணல்ல." சற்று நேரத்தில் அங்கிருந்தும் அதே முடிவு வந்தது. நோன்பு முப்பது.

முஸ்தாக் துள்ளாத குறை. "அல்ஹம்துலில்லாஹ்! மேகம் மறைச்சா வேற கதை. தெளிஞ்ச வானத்தில காணல்ல எண்டா அதுக்கு மேல என்ன சாட்சி வேணும் மரைக்கார்?"

என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "நானும் தெளிஞ்ச வானத்திலதான் மூணு வருசம் பார்த்தன். கரும்பொருள் அழியக் காணல்ல."

மரைக்கார் மெல்லத் திரும்பினார். "கீழ தொங்கிறதில கண்டதாக எழுதிக் கிடக்கே?"

முஸ்தாக் வாயிலிருந்த பேரீச்சம்பழத்தைக் கொட்டையோடு விழுங்கினார்.

"காணாதத்தக் கண்டன் எண்டு சொல்ல றஸாக்குக்காவது ஒரு கொக்கு இரிந்திச்சி. உனக்கு என்ன மனே இரிந்திச்சி?" என்றார் மரைக்கார்.

றஸாக் காக்காதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மரைக்கார் படியில் இறங்கும்போது என்னைப் பார்த்து, "மகள், பொன்னாட நான் சொன்னபடி வரும்," என்றார்.

காலையில் கடை முகப்பில் புதுப் பேனர். பெனடிக்கின் அச்சகத்தை விடியுமுன் திறக்க வைத்திருக்கிறார் மனிதர். "மூன்று வருடம் பார்த்தார். கரும்பொருள் அழியக் காணவில்லை. கலாநிதி றிஸ்லாவுக்கு நல்வாழ்த்துகள். பெருநாள் வியாபாரம் இன்றும் உண்டு." கடையின் பெயர் இம்முறையும் என் பெயரைவிடப் பெரிதுதான். ஆனால் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: "வானம் தெளிவாக இருந்தது."

அதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கோபமாக இருக்க எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை. அன்று கஞ்சிக்கு உப்புப் போட்டேன்.