பத்து டாலர் வித்தியாசம்

செவ்வாய்க்கிழமை காலையில்தான் அந்த அக்கார்டியனை இணைய ஏலத்தில் பார்த்தேன். சிவப்பு நிறம், நூற்றிருபது பொத்தான், இத்தாலியில் செய்தது. எங்கள் ஊர் வெஸ்ட்போர்ட்டுக்குள் ஆற்று வெள்ளம் புகுந்த வருஷம் என்னுடையது இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் ஊறி, துருத்தி கிழிந்து, ஒன்றுக்கும் ஆகாமல் போனது. அதன் பிறகு சனிக்கிழமை நடனங்களை ஓர் இரவல் கறுப்புப் பெட்டியை வைத்துத்தான் ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அதில் இரண்டு ஸ்வரத்துக்கான ரீடு பேசவே பேசாது.

என்னோடு வயலின் வாசிப்பவள் நோயலின். இருபத்தாறு வருஷமாக ஒரே மேடை. அவள் வீட்டுக்கு ஓடினேன். ஆற்றில் பிடித்த ஒயிட்பெய்ட் பொடிமீனை முட்டையில் கலந்து வாணலியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு வரைக்கும் போவே யூனா?"

"ஆயிரத்து நூத்தம்பது. அதுக்கு மேல பைசா கிடையாது."

"அடேங்கப்பா! அப்ப உன் வீட்டுக் கூரை?"

"ஒழுகினா அடியில வாளி வச்சுக்கறேன் போடி."

வீட்டுக்கு வந்து அந்த எண்ணைத் தளத்தில் என் உச்சவரம்பாகப் போட்டேன். அது யார் கண்ணிலும் படாது. யாராவது விலையை ஏற்றினால், அவர்களை முந்துவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் தளமே என் சார்பில் ஏற்றிக் கேட்கும். வெளியே தெரிந்த விலை நானூற்று இருபதுதான்.

மறுநாளே 'தென்காற்று12' என்ற பெயரில் ஓர் ஆள் முளைத்தது. அது ஏற்ற, என் பெயரிலும் விலை ஏறியது. விற்கிறவனே ஆள் வைத்து ஏற்றுகிறானோ என்று எனக்குச் சந்தேகம். அந்த ஆள் இதற்கு முன் என்னென்ன வாங்கியது என்று தோண்டிப் பார்த்தேன். ஒரு மண்வெட்டியும் இரண்டு மழைக்கோட்டும். அறுநூற்றுப் பத்தில் அது ஓய்ந்துபோனது. அப்படியும் எனக்குத் தூக்கம் சரியில்லை.

ஏலம் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு பதினேழுக்கு முடிவதாக இருந்தது. கூட உட்காருகிறேன் என்று சொன்ன நோயலின் வரவில்லை. மூன்று முறை அழைத்தேன், எடுக்கவில்லை. தனியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம், முப்பது நொடி, பதினைந்து. அறுநூற்றுப் பத்திலேயே நான் முன்னால் நின்றேன்.

எட்டு நொடி இருக்கும்போது விலை ஆயிரத்து நூற்று அறுபது என்று குதித்தது. முன்னால் நின்றது நானில்லை, புதிதாக ஒரு பெயர். பதறிப்போய் எண்ணைத் தட்டுவதற்குள் ஏலம் மூடிவிட்டது.

ஆயிரத்து நூற்று அறுபது. என் உச்சத்துக்குச் சரியாகப் பத்து டாலர் மேலே. இந்த உலகத்தில் அந்த எண்ணைத் தெரிந்தவள் ஒருத்திதான்.

அதன் பிறகு எல்லாமே பொருந்தி வந்தது. வாங்கியவரின் ஊர் 'மேற்குக் கரை' என்று போட்டிருந்தது, எங்கள் பக்கம்தான். அதே கரையிலுள்ள கிரேமௌத்தில் இருக்கும் அவள் தங்கை மகன் ஹேமிஷ் அக்கார்டியன் கற்றுக்கொண்டிருந்தான். போன மாதம் அவன் வாசிப்பை என்னிடம் ஒரு மணி நேரம் புகழ்ந்திருந்தாள். என்னைக் கழற்றிவிட்டு அவனை மேடையேற்றத்தான் இத்தனையும் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஒத்திகையில் வயலின் வில்லுக்கு ரோஸின் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தவள் முன்னால் போய் நின்றேன்.

"உன் தங்கச்சி மகன்கிட்ட கேட்டுச் சொல்லு. புதுப் பெட்டி நல்லாப் பேசுதா?"

"என்னடி உளர்றே?"

"பத்து டாலர். சரியாப் பத்து டாலர் நோயலின்! என் நம்பர் வானத்துலேர்ந்தா விழுந்துச்சு?"

அவள் முகத்தில் முதலில் சிரிப்பு வந்தது. நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் அது அப்படியே நின்றது. வயலினைப் பெட்டிக்குள் வைத்தாள், கொக்கிகளை மாட்டினாள், கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குற்றமில்லாதவள் சண்டை போட்டிருப்பாளே என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

ஐந்து சனிக்கிழமை வயலின் இல்லாமல் நடனம் நடந்தது. ஆடுகிறவர்கள் என்னைப் பார்த்தார்களே தவிர யாரும் வாய் திறந்து கேட்கவில்லை.

ஆறாவது வாரம், இசைத்தாள் வைக்கிற மடக்குத் தாங்கி ஒன்று அதே தளத்தில் வந்தது. எண்பது டாலர் உச்சம் போட்டேன். விலை பன்னிரண்டில் நின்றது. கடைசிப் பத்து நிமிஷம் யாரோ ஒருவர் விடாமல் மோதினார். அவர் இருபது என்றால் என் பெயரில் இருபத்தொன்று. அவர் முப்பத்தைந்து என்றால் முப்பத்தாறு. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி நொடியில் அவர் நாற்பத்தாறு போட்டார். நாற்பத்தேழுக்குத் தாங்கி எனக்கு வந்தது.

ஒரே ஒரு டாலர் வித்தியாசம். அவர் மனதில் இருந்த எண் எனக்குத் தெரியவே தெரியாது.

எனக்காகத் தளம் ஏற்றும் என்று தெரிந்த எனக்கு, எதிராளிக்கும் அப்படித்தான் ஏற்றும் என்று உறைக்கவில்லை. சிவப்பு அக்கார்டியனை வாங்கியவர் இரண்டாயிரம் போட்டிருக்கலாம், மூவாயிரம் போட்டிருக்கலாம். தோற்றவளுடைய உச்சத்துக்கு ஒரு படி மேலே, அந்த விலையில் பத்து டாலர் மேலே, என்று மட்டும்தான் திரை காட்டும். கடைசி நொடியில் வந்ததுகூட என்னைத் தோற்கடிக்கவில்லை. அவர் எண் பெரியது, அவ்வளவுதான்.

அன்றே நோயலின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், தாங்கியையும் சேர்த்து.

"ஏலத்துல ஜெயிச்சப்புறம்தான் நான் திருடி இல்லேன்னு புரிஞ்சுதா?"

"தப்புதான் நோயலின்."

"அன்னிக்கு சர்ச் ஹால்ல நாற்காலி அடுக்கிட்டிருந்தேன். போன் கோட்டுப் பையில கிடந்துச்சு. ஏன் எடுக்கலேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ கேக்கவே இல்லியே."

கதவை மூடப் போனவள் நின்று, "சனிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்றாள்.

"ஏழு."

"சரி, போ."

வந்தாள். வாசித்தாள். பழைய மாதிரி பாட்டுக்கு நடுவில் என் காதில் கிண்டலடிப்பது மட்டும் இல்லை.

குளிர்காலத்தில் நீல அக்கார்டியன் ஒன்று ஏலத்துக்கு வந்தது. முடிகிற நாளில் நோயலின் தானாகவே வந்தாள். இந்த முறை நான் கடைசிவரை விலை கேட்காமலே இருந்தேன். முன்கூட்டியே கேட்டு இன்னொருவரின் ஆசையை எதற்குக் கிளற வேண்டும்? பத்து நொடி இருக்கும்போது என் உண்மையான உச்சத்தை ஒரே தடவையாகப் போடுவதாகத் திட்டம்.

இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவள் எழுந்து கோட்டை மாட்டினாள்.

"எங்கடி போறே? மழை கொட்டுது."

"நீ நம்பரைப் போடு. நான் வெளியில நிக்கறேன்."

"ஐயோ, உக்காருடி."

"வேணாம் யூனா."

ஜன்னல் வழியாகத் தெரிந்தாள். துணிக்கொடிக்குப் பக்கத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். எண்ணைப் போட்டேன். ஏலம் முடிந்ததும் கண்ணாடியைத் தட்டினேன்.

"கிடைச்சுதா?" என்று நனைந்த தலையோடு உள்ளே வந்தாள்.

"கிடைச்சுது!"

என் தோளை ஒரு முறை அழுத்தினாள். எவ்வளவு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கெட்டிலை எடுத்துக் குழாயைத் திறந்துவிட்டாள்.