பதில் சொன்ன கட்டைவிரல்

அவள் கணவருக்கு எதிலும் கை முந்தும். டாக்ஸி ஓட்டுகிற மனிதர். சிக்னல் பச்சையாகும் முன்பே வண்டியை உருட்டிவிடுவார். ஆகவே மருத்துவமனையில் நர்ஸ் அவளிடம் டேப்லெட்டை நீட்டியபோது வாங்கியது அவர் கைதான். மனச்சோர்வு எவ்வளவு என்று அதுவே கேட்டு, அதுவே மதிப்பெண் போடுமாம். அதிகமானால் இன்றே டாக்டரைப் பார்க்கலாம், குறைந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாள்.

"உனக்குக் கை நடுங்குது. நான் அழுத்துறேன்" என்றார்.

நடுங்கியது உண்மைதான். அவள் லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். போன வாரம் சூடான பெட்டியை ஒரு சட்டையின் மேல் வைத்துவிட்டு, அது கருகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். செத்துப்போனால் நிம்மதி என்று அப்போது தோன்றியது. அதைச் சொல்லத்தான் இங்கே வந்திருந்தாள்.

அவர் கேள்விகளை உரக்க வாசித்தார். தூக்கம் எப்படி? படுத்தால் எழுப்பவே முடியாது என்று அவரே சொல்லிக்கொண்டார். பசி? அதெல்லாம் சாப்பிடுகிறாள். அவள் தொண்டையைச் செருமுவதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருந்தார். அன்பில்லாதவர் இல்லை, பாவம். மனைவிக்கு ஒன்றுமில்லை என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்கிற தவிப்பு. அந்தத் தவிப்புதான் அவள் உயிருக்கு உலை வைத்துக்கொண்டிருந்தது.

கடைசிக் கேள்வியை மட்டும் அவர் வாசிக்கவில்லை. அவள் எட்டிப் பார்த்தாள். செத்துப்போனால் தேவலை என்று நினைத்ததுண்டா என்று கேட்டிருந்தது. அவர் கட்டைவிரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே 'ஒருபோதும் இல்லை' என்பதை அழுத்தியது.

மதிப்பெண் குறைவு. "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்று டேப்லெட்டை அவள் மடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துவரப் போனார்.

இந்தச் சோதனை உங்களுக்குத் திருப்தியா என்று திரை கேட்டது. சிரிக்கிற முகம் முதல் அழுகிற முகம் வரை படங்கள் வரிசையாக இருந்தன. அவள் அழுகிற முகத்தை அழுத்தினாள். காரணத்தைப் பேசிப் பதிவு செய்யலாம் என்றது.

"என்கிட்ட யாருமே கேக்கல" என்றாள். "எனக்கு வாழவே பிடிக்கல."

உங்கள் கருத்து எங்கள் சேவையை மேம்படுத்த உதவும், நன்றி என்று எழுத்து வந்தது. அவ்வளவுதான். சற்றைக்கெல்லாம் அதுவும் மறைந்து, தொடங்க இங்கே தொடவும் என்ற முதல் பக்கமே திரும்ப வந்தது.

வெளியே அவருடைய ஹாரன் கேட்டது. அவள் நடுங்கும் கையை மறு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு திரையைத் தொட்டாள். தூக்கம் எப்படி என்று கேட்டது. ஹாரன் மறுபடி அலறியது.

அலறட்டும் என்று விட்டுவிட்டு, அவள் பதிலை அழுத்தினாள்.