தாமதமாகக் கிளம்பும் பஸ்

காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவள் கூடத்தைக் கடந்தபோது, அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெண்களின் அழுகை சட்டென்று நின்றது.

"ஏம்மா, எங்க கிளம்பிட்ட?" என்றார் சித்தப்பா.

"வண்டி எடுக்கணும் சித்தப்பா."

"கூடப் பொறந்தவன் இங்க கிடக்கான், உனக்கு வண்டி கேக்குதா? நாளைக்கு ஓட்டினா பஸ் கோவிச்சுக்குமா?"

"பஸ் கோவிச்சுக்காது. நம்பி நிக்கிறவங்க ராத்திரி எங்க படுப்பாங்க? முதல் நாளே ஏமாந்தா அப்புறம் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

அண்ணன் போக்குவரத்து ஆராய்ச்சி அலுவலகத்தில் இருந்தவர். மலைக் கிராமங்களுக்கு மதியம் ஒரே பஸ்தான். அதுவும் நிரம்பித்தான் போனது. பிறகென்ன குறை என்றது அலுவலகம். அண்ணன் பஸ்ஸைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அது கிளம்பும் மருத்துவமனை வாசலில் போய் நின்று பார்த்தார். உள்ளே மருந்து கொடுக்கத் தொடங்கும் நேரமும், வெளியே பஸ் கிளம்பும் நேரமும் ஒன்று. அதை விட்டால் வீடு போக வழியில்லை. மருந்துச் சீட்டைக் கையில் பிடித்தபடி கிழவர்களும் கர்ப்பிணிகளும் பஸ்ஸை நோக்கி ஓடினார்கள். ஏறியவர்களை எண்ணிய அலுவலகம், மருந்து வாங்காமல் ஏறியவர்களை எண்ணவில்லை.

மருந்து கொடுத்து முடிந்த பிறகு கிளம்பும்படி இன்னொரு பஸ் விடச் சொல்லி அவர் நடையாய் நடந்தார். கடைசியில் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தார்கள். ஆள் சேராவிட்டால் நிறுத்திவிடுவார்கள். அது தொடங்கும் நாளின் விடியலில்தான் அவர் மூச்சு நின்றது. முதல் பஸ்ஸை ஓட்டுபவர் போக, மலைப்பாதை பழகிய டிரைவர் அவளை விட்டால் வேறு ஆள் இல்லை.

"விடுங்க மாமா," என்றாள் அண்ணி, தலை நிமிராமல். "அவர் உக்காந்திருந்தா, இன்னும் கிளம்பலையான்னு இவளைத் தொரத்தியிருப்பார்." பிறகு அவளிடம், "அவரை எடுக்கறதுக்குள்ள வந்துடு."

சித்தப்பா காலை மடக்கி வழிவிட்டார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது வழக்கமான மதிய பஸ் போய்விட்டிருந்தது. மருத்துவமனை வாசலில் ஈ காக்கைகூட இல்லை. அவள் இறங்கிக் காவலாளியிடம் போனாள்.

"எல்லாரும் முதல் பஸ்ஸுலயே போயிட்டாங்களாண்ணே?"

"யாரு சொன்னா?" என்றார் காவலாளி. "எல்லாம் மருந்து வரிசையில நிக்குது. பஸ் நெசமா வருமா, நெசமா வருமான்னு என் உசிர வாங்கிட்டாங்க." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "வந்திருச்சுப்பா!"

கதவு திறந்தது. கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஒருவரும் ஓடவில்லை.

ஒருத்தி நடுவழியில் நின்று குழந்தையின் வாயைத் துடைத்தாள். ஒரு பெரியவர் நிழலில் ஒதுங்கி, எந்த மாத்திரை காலைக்கு, எது ராத்திரிக்கு என்று பக்கத்து ஆளிடம் சாவகாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இருக்கைகள் நிரம்பி, நிற்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவர் கடைசியாகப் படிக்கு வந்தார்.

"அவசரமாம்மா?"

"இல்லைங்கய்யா. மெதுவா ஏறுங்க."

அவர் கம்பியைப் பிடித்து ஒரு காலை வைத்தார், மூச்சு வாங்கிக்கொண்டார். அவள் இன்ஜினை அணைத்தாள்.