கியெம் நின்றால் இலை உதிரும்

போர் முடிந்து ஊர் திரும்பிய கியெம், வாசல் பலாமரத்தடியில் உட்கார்ந்து ஒரு குவளை தேநீர் குடித்து முடிப்பதற்குள் மரம் மொட்டையாகிவிட்டது. காற்று இல்லை. உதிர்ந்தவை பழுத்த இலைகளும் அல்ல. அவற்றை அவன் தங்கை கூட்டி அள்ளிப் பன்றிக்குப் போட்டாள். பன்றி மோந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. போர் நடந்த த்ருவோங் சோன் காட்டில் நான்கு வருடம் படைக்கு மூட்டை சுமந்தவன் அவன். மரங்களை மொட்டையடிக்க எதிரி விமானங்கள் தெளித்த மருந்தில் நனைந்திருக்கிறான், அது வடிந்து தேங்கிய குட்டையில் தண்ணீர் மொண்டு குடித்திருக்கிறான். மருந்து காட்டோடு நிற்காமல் அவனோடு ஊருக்கு வந்துவிட்டது என்று அவன் ஊரான காம் லோ ஆற்றங்கரையின் மக்கள் புரிந்துகொண்டார்கள். கூட்டுப் பண்ணைத் தலைவர் அவனை வரப்பில் நடக்கவிட்டுக் களை எடுத்துப் பார்த்தார். மரவள்ளியும் சேர்ந்து பட்டுப்போனதால் அந்த யோசனை கைவிடப்பட்டது.

கீரை போட்டு விற்கும் லுயென் அவனைக் கட்டிக்கொண்டாள். "தோட்டக்காரிக்கு இப்படி ஒரு மாப்பிள்ளையாடி?" என்று தோழிகள் கேலி செய்ததற்கு, "அவரு தெருவுல உக்காரட்டும், நான் தோட்டத்துல உக்கார்றேன்" என்றாள். முதல் குழந்தையை மருத்துவச்சி துணியில் சுற்றி, முகம் காட்டாமல் கொண்டுபோனாள். இரண்டாவது ஒரு வாரம் மூச்சுவிட்டது. மூன்றாவது சுவான். மடங்கியபடி பிறந்த கால்கள் நிமிரவில்லை, பேச்சு வரவில்லை; யாராவது சிரித்தால் மட்டும் கூடச் சேர்ந்து சிரித்தாள். கியெம் அவளை முதல்முறை தூக்கி நெஞ்சில் சாய்த்தபோது அவள் தலைமுடி மொத்தமும் அவன் சட்டையோடு வந்துவிட்டது. குழந்தையை லுயெனிடம் கொடுத்தான். கொசுவலையைச் சுருட்டிக்கொண்டு, புல்கூட முளைக்காத கல்குன்றுக்குப் போனவன் பதினெட்டு வருடம் இறங்கி வரவில்லை. லுயென் பாதி வழியில் ஒரு பாறை மேல் சோறு வைத்துவிட்டு வருவாள். சுவானுக்கு முடி மறுபடி வளர்ந்தது. அவளும் வளர்ந்தாள், கனத்தாள். இடையில் தலைநகரிலிருந்து மருத்துவர்கள் வந்து எல்லோரிடமும் இரத்தம் எடுத்துப் போனார்கள். அந்த மருந்தால்தான் இந்த நோய்கள் வந்தன என்பது நிரூபிக்கப்படவில்லை எனக் கடலுக்கு அப்பால், அந்த விமானங்களை அனுப்பிய நாட்டின் நீதிமன்றம் சொன்னதை ஊர் ஒலிபெருக்கி ஒரு காலையில் வாசித்தது. பிறகு நெல் விலை சொன்னது.

பதினெட்டாவது வருட மழைக்காலத்தில் லுயெனுக்கு இடுப்பு விட்டுப்போனது. கம்பை ஊன்றிக் குன்றேறினாள்.

"இனிமே என்னால அவளத் தூக்க முடியாது. வீட்டுக்கு வாங்க."

"என்னாலதான அவ இப்படி ஆனா."

"பிளேன் ஓட்டுனது நீங்களா?"

"முடி கொட்டிரும்டி."

"கொட்டட்டும். சிக்கெடுக்கிற வேலை மிச்சம்."

கியெம் இறங்கி வந்தான். அன்று மாலைக்குள் கீரைப்பாத்தி கருகியது. அவன் சுவானைக் குளிப்பாட்டினான், ஊட்டினான், முதுகில் கட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் நடந்தான். மொட்டைத் தலையை அவன் கழுத்தில் வைத்து அவள் சிரித்தாள். சந்தோஷமா என்று கேட்டவர்களிடம், இடுப்பு வலி குறைந்திருக்கிறது என்றாள் லுயென். அதற்கு மேல் தனக்குள் தேடிப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

தெத் புத்தாண்டுக்கு மஞ்சள் பூ பூக்க வேண்டுமானால் அதற்கு முந்தைய மாதமே மாய் மரத்தின் இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிவிட வேண்டும். ஊரில் இப்போது யாரும் கிள்ளுவதில்லை. "அண்ணே, செத்த நேரம் நின்னுட்டுப் போங்க. ரொம்ப நிக்காதீங்க, மரம் போயிரும்" என்று பக்கத்து வீட்டு ஹோவான் தொடங்கிவைத்தது வழக்கமாகிவிட்டது. சுவானை முதுகில் சுமந்தபடி கியெம் வீடு வீடாகப் போய் நிற்கிறான். இலை உதிர்ந்ததும் வாழையிலையில் கட்டிய ஒட்டரிசிப் பலகாரம் கொடுத்து அனுப்புகிறார்கள். கர்ப்பிணிகள் மட்டும் அவன் வரும் நேரம் உள்ளறைக்குப் போய்விடுவார்கள். கதவு தாழிடும் சத்தம் கேட்ட பிறகே அவன் வாசலில் கால் வைப்பான். இதில் யாருக்கும் வருத்தம் இல்லை.