அசியாமா கம்பெனியின் கடைசி லோடு

குவாவு மலையடிவாரத்து என்கவ்கவ் லாரி நிலையத்தில் இன்றைக்கும் நாலு பழைய ஆட்கள் சேர்ந்துவிட்டால் அசியாமா கம்பெனிப் பேச்சு வராமல் போகாது. கம்பெனி வண்டிகள் எல்லாம் பெட்ஃபோர்டு லாரிகள். முகம் மட்டும்தான் இரும்பு, மற்றதெல்லாம் பலகை. நெற்றியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: 'அம்மா புண்ணியம்', 'கண்ணு படாதே', 'உன்னை யார் கேட்டது'. முதலில் வாங்கிய வண்டியின் பெயர் 'இன்னும் இருக்கிறேன்'. கொக்கோ மூட்டை, வாழைத்தார், கருவாட்டுக் கூடை, அதற்கு மேலே ஜனம் என்று அந்த வண்டிகள் குவாவு மலை ஏறிய கதையைச் சொல்லும்போது கிழவர்களுக்குத் தாங்களே தள்ளிக்கொண்டு போனதுபோல் மூச்சு வாங்கும்.

பேச்சு சுற்றிச் சுற்றி முதலாளி அசியாமாவின் சாவு ஊர்வலத்தில் வந்து நிற்கும். அப்போது எல்லோரும் டென்கொராங்கைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்.

டென்கொராங் மீசை முளைத்த வயதில் அந்தக் கம்பெனியில் சேர்ந்து, அது மூடப்படும்வரை ஓட்டியவர். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. அதற்காக யாரும் மெச்சிவிடவில்லை. 'பையப்பைய' என்று பட்டப்பெயர் வைத்ததுதான் மிச்சம். அவர் மெதுவாகப் போனதற்குக் காரணம் இருந்தது. 'அம்மா புண்ணியம்' மலை வளைவில் பழுதாகி நின்றபோது கிளீனர் தூங்கிப்போனான், சாலையில் இலை போடவில்லை. மேலிருந்து வந்த வண்டி அதைக் கண்ட நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கு அடுத்த வண்டியை ஓட்டி வந்தவர் டென்கொராங். பலகைகளுக்கு நடுவிலிருந்து ஆட்களை எடுத்துக் கிடத்தியவர்களில் அவரும் ஒருவர்.

இலைதான் அந்தச் சாலையின் பாஷை. வண்டி வழியில் நின்றுவிட்டால் கிளீனர் புதரில் பச்சைக் கிளைகளை வெட்டி வந்து முன்னும் பின்னும் வரிசையாகப் போடுவான். இலையைக் கண்டவன் கியரைக் குறைப்பான், கேள்வி கிடையாது. கிளம்பும்போது அவ்வளவையும் அள்ளி எறிந்துவிட்டுத்தான் ஏற வேண்டும். அள்ளாமல் வந்தவனுக்கு அசியாமாவிடம் வேலை கிடையாது. "இலை பொய் சொல்லக் கூடாதுடா! ஒருதடவை பொய் சொல்லிடுச்சுன்னா அப்புறம் எவன் அத நம்புவான்?" என்று முற்றத்தில் நின்று கத்துவார். மற்ற விஷயங்களில் அந்த மனிதர் யோக்கியர் என்று சொல்வதற்கில்லை. இந்த ஒன்றில் யோக்கியர்.

அவர் செத்தபோது கம்பெனியும் இல்லை, வண்டிகளும் இல்லை. 'இன்னும் இருக்கிறேன்' மட்டும் பட்டறைக்குப் பின்னால் கோழி அடைய நின்றுகொண்டிருந்தது. ஹாம்பர்க்கிலிருந்து வந்திறங்கிய மகன் ஃபெலிக்ஸுக்கு ஒரே பிடிவாதம், அப்பாவின் உடல் அந்த வண்டியில்தான் மலையேறிச் சொந்த ஊரான ஓபோவுக்குப் போக வேண்டும் என்று. மெக்கானிக்குகள் ஏதேதோ ஒட்டுப்போட்டு எஞ்சினை உறும வைத்துவிட்டார்கள். அந்தக் கியரைப் போடத் தெரிந்த ஒரே ஆள் டென்கொராங். ஆகவே கூப்பிட்டார்கள். பட்டறையை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு அவர் முகம் தொங்கிப்போய் இறங்கினார்.

"தம்பி, பின் ஆக்சில்ல சத்தம் வருது. சமதரையில ஓடும். மலை தாங்காது."

"அங்கிள், அப்பா இதுலதான் சம்பாதிச்சாரு, இதுலதான் வீட்டுக்குப் போவாரு. வீடியோக்காரன்கூட வந்தாச்சு. இப்பப் போயி ஆக்சில் கீக்சில்னு."

"அப்ப பொம்பளைங்களையாவது வேற வண்டியில ஏத்து."

"ஒப்பாரி இல்லாம அப்பா எப்படிப் போவாரு? நல்லா இருக்கே கதை!"

ஒப்பாரிக்குத் தலைமை ஓஃபொரிவா. டென்கொராங்கின் மனைவி. குவாவு மலையில் அவள் குரலுக்கு ஈடு கிடையாது. கறுப்புத் துணியும் சிவப்புத் தலைக்கட்டுமாக மற்றப் பெண்களோடு சவப்பெட்டியைச் சுற்றிப் பலகைமேல் உட்கார்ந்துவிட்டாள். அவர் கீழே நின்று தயங்குவதைப் பார்த்ததும் அவளுக்கு வாய் சும்மா இருக்குமா?

"பாத்துக்கங்கடி என் புருசன! நத்தை குறுக்க வந்தாலும் எறங்கி நலம் விசாரிச்சுட்டுத்தான் போவாரு. இவரு ஓட்டுற வண்டியில ஏற என்னடி பயம்?"

பெண்கள் சாவு வீட்டையும் மறந்து சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இவளில்லாமல் தனக்கு ஒரு வீடும் இல்லை என்ற நினைப்பு ஏனோ அந்த நேரத்தில் வந்து தொலைத்தது. ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தார்.

லாரிக்காரன் சாவுக்கு வண்டி முகப்பில் ஒரு பச்சைக்கிளையும் சிவப்புத் துணியும் கட்டுவது வழக்கம். ஒரு கிளை போதும். ஃபெலிக்ஸுக்குப் போதவில்லை. முதல் நாளே ஒரு லோடு கிளை வெட்ட வைத்து, ஊர்வலத்தில் வந்த கார், வேன், டாக்ஸி எல்லாவற்றுக்கும் கூரை தெரியாமல் கட்டியிருந்தான். காடே கிளம்பி மலையேறுவதுபோல் இருந்தது. அவை முன்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு போக, பெட்ஃபோர்டு கடைசியாக முக்கிக்கொண்டு ஏறியது.

முதல் வளைவில் சாலை நடுவே இலை கிடந்தது. டென்கொராங்கின் கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று.

பக்கத்தில் இருந்த கிளீனர் டான்சோ சிரித்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது, கம்பெனிக் காலத்திலிருந்தே அவருடைய ஆள். "மாஸ்டர், அது நம்ம இலை. முன்னாடி போன வண்டியிலருந்து விழுந்தது."

இரண்டாம் வளைவிலும் இலை. மறுபடி கால் போயிற்று, மறுபடி டான்சோ சிரித்தான். அதற்குமேல் சாலை முழுக்க இலையாகத்தான் கிடந்தது. அடுத்த வளைவில் கால் அசையவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. எதிரே இறங்கி வந்த வண்டிகளும் இலைமேல் ஏறி, வேகம் குறைக்காமல், செத்த லாரிக்காரனுக்கு மரியாதையாக நீள ஹார்ன் கொடுத்துவிட்டுப் போயின.

"டான்சோ, எவனும் கியர் மாத்தலடா."

"எதுக்கு மாத்தணும்? அசியாமா சாவுன்னு மலைக்கே தெரியுமே."

பெரிய வளைவில் ஆக்சில் முறிந்தது. கீழே துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் சுற்றவில்லை. வண்டி பின்னுக்கு நழுவத் தொடங்குமுன் டான்சோ குதித்து டயருக்குக் கட்டை கொடுத்துவிட்டான். நல்ல கிளீனர். வண்டி வளைவின் தொண்டையில் குறுக்காக நின்றது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மரங்களின் தலைகள் தெரியும் பள்ளம். முன்னால் போனவர்களுக்குத் தங்கள் ஹார்ன் சத்தத்தில் இது கேட்கவில்லை, போய்விட்டார்கள்.

டான்சோ வழக்கப்படி அரிவாளை எடுத்துக்கொண்டு கீழ்ப்பக்கம் இலை போட ஓடினான். டென்கொராங் மேலே போகும் சாலையைப் பார்த்தார். கண்ணுக்கெட்டியவரை இலை. அதில் இன்னும் நாலு கிளையைப் போட்டால் யாருக்கு என்ன தெரியும்?

அவர் பலகையைத் தட்டினார். "எறங்குங்க. எல்லாரும் எறங்குங்க."

ஓஃபொரிவா பாட்டை நிறுத்தாமல் கையால் போ என்றாள். அவர் இன்னும் பலமாகத் தட்டினார். அவள் அடியை முடித்துவிட்டுக் குனிந்தாள்.

"என்ன?"

"ஆக்சில் போச்சு. எறங்கி மலைப்பக்கம் ஏறி நில்லுங்க."

"பொணம் எறங்கறதுக்கு முன்னால பாடுறவ எறங்குறதா? பாட்டப் பாதியில விட்டா செத்தவரு பாதி வழியில நிப்பாரு. ஒனக்குத் தெரியாதா?"

"அப்ப பெட்டிய எறக்குவோம்."

"யாரு, நீயும் டான்சோவுமா? ஜெர்மனிப் பெட்டி. ஏத்தறதுக்கே பத்து ஆம்பளைங்க நாக்குத் தள்ளிட்டாங்க."

"மேலருந்து எதாவது வந்தா என்னடி பண்ணுவ?"

"எலை போடு. காலம்பூரா அதத்தானே பண்ற?"

"எலை செல்லாதுடி இன்னிக்கு."

"செல்லாம போறதுக்கு அது என்ன பழைய நோட்டா?" மற்றப் பெண்கள் மறுபடி சிரித்தார்கள். "போ மனுசா. உன் வேலைய நீ பாரு, எங்க வேலைய நாங்க பாக்குறோம்."

பாட்டு மறுபடி தொடங்கியது. அவருக்கு அவளை முடியைப் பிடித்து இழுத்துப்போடலாமா என்று வந்தது. இழுத்தாலும் வரமாட்டாள். வண்டி முகப்பில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்துக்கொண்டு மேலே ஓடினார்.

வளைவு தாண்டி, வண்டி கண்ணுக்கு மறையும் இடத்தில் நின்றார். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் ஒரு வேன் இறங்கி வந்தது. சாலை நடுவே நின்று சிவப்புத் துணியைத் தலைக்குமேல் வீசினார். "நில்லு! நில்லு!" என்று கத்தினார். தொண்டை கிழிந்தது.

ஓட்டுநருக்குத் தெரிந்தது ஒன்றுதான். கறுப்புத் துணி போர்த்த ஒரு பெரிய மனிதர், துக்கம் தாங்காமல் சிவப்புத் துணியை வீசி அழுகிறார். அவன் லேசாக ஒதுங்கி நீள ஹார்ன் கொடுத்தான். ஜன்னலிலிருந்து கைக்குட்டைகள் அசைந்தன. "மனசத் தேத்திக்கங்க, பெரியவரே!" என்று ஒரு பெண் குரல் கேட்டது. வேன் வளைவில் மறைந்தது.

டென்கொராங் கண்களை இறுக மூடிக்கொண்டார். பிரேக் அலறியது. தகரம் பாறையில் தேயும் சத்தம் கேட்டது. பிறகு டான்சோ வேன்காரனின் பாட்டன் பூட்டன்வரை இழுத்துத் திட்டுவது கேட்டது. வேன் ஒல்லி, புகுந்து போய்விட்டது. பாட்டு நிற்கவேயில்லை. பெண்கள் அதையும் ஏதோ மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள் போலும்.

அப்போதுதான் மேலே அந்தச் சத்தம் கேட்டது. காடு வெட்டும் இடத்திலிருந்து முழு மரங்களை ஏற்றி வரும் லாரி. கண்ணால் பார்க்கத் தேவையில்லை. சின்னக் கியரில் எஞ்சின் முனகுவதும், அதையும் மீறிப் பின்னால் மரத்தின் பாரம் தள்ளுவதும் காதுக்குத் தெரிந்துவிடும். காற்றில் பிரேக் தீய்ந்த வாடை இறங்கி வந்தது. அது ஒல்லி இல்லை. அந்த வளைவில் அதற்கு முழுச் சாலையும் வேண்டும்.

என்ன செய்வது? இலை செல்லாது. சிவப்புத் துணி செல்லாது. கத்தினால் ஒப்பாரி, சாலையில் விழுந்து புரண்டால் துக்கம். நில் என்று சொல்வதற்கு இந்த ஊரில் இருந்த அத்தனையையும் ஃபெலிக்ஸ் அப்பனுக்கு மாலையாகப் போட்டுவிட்டான். டென்கொராங் அவனை வாய்விட்டுச் சபித்தார். பெட்டிக்குள் இருந்தவரையும் சேர்த்துத்தான்.

மேல் வளைவில் மரங்களுக்கிடையே விளக்கு தெரிந்தது. அவர் தன்னைப் பார்த்துக்கொண்டார். இந்தக் கறுப்புத் துணி இருக்கும்வரை தான் துக்கம் காக்க வந்தவன்தான், வேறு யாருமில்லை. அதை உருவிப் போட்டார். அரைக்கால் சட்டையோடு நின்றால் குடித்துவிட்டு அழுகிறவன். கிராமத்துத் தேவாலயத்தில் மூப்பர் அவர். ஞாயிறுதோறும் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். பேரப்பிள்ளைகள் முன்கூடச் சட்டையில்லாமல் இருந்ததில்லை. கால்சட்டை முடிச்சை அவிழ்த்து அதையும் போட்டுவிட்டு, பிறந்த மேனியாகச் சாலை நடுவே போய் நின்றார். கையை ஆட்டவில்லை. கத்தவில்லை.

லாரி வளைந்து வந்தது. ஓட்டுநர் மரியாதை ஹார்னை ஆரம்பித்தான். ஹார்ன் பாதியில் அறுந்தது. சக்கரங்கள் இலைகளை அரைத்துக்கொண்டு வழுக்கின, மரங்கள் சங்கிலியில் முட்டி முனகின, தலைக்குமேல் கரும்புகை. டென்கொராங் நகரவில்லை. முகப்பின் சூடு அவர் வயிற்றில் பட்ட இடத்தில் வண்டி நின்றது.

ஓட்டுநர் ஜாக்கிக் கம்பியோடு குதித்தான். "பைத்தியக்கார நாயே! சாகறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"பைத்தியமில்லப்பா. வளைவுக்குக் கீழ வண்டி நிக்குது. ஆக்சில் போச்சு. மேல பொணம் இருக்கு, பொம்பளைங்க இருக்காங்க."

"அதுக்கு எலை போட வேண்டியதுதானே?"

"போட்டோம்."

அவன் தான் இறங்கி வந்த சாலையைத் திரும்பிப் பார்த்தான். கம்பி கையில் தாழ்ந்தது.

"செவப்புத் துணியக் காட்டலாமில்ல?"

"காட்டினேன்."

பிரேக் சத்தத்தில் கீழே பாட்டு நின்றுபோயிருந்தது. வளைவில் ஓஃபொரிவா வந்து நின்றாள். வந்தே விட்டாள், பிணத்தை விட்டு இறங்கி. அம்மணமாக நின்ற புருஷனைப் பார்த்து வாயைப் பொத்தினாள். சிரிக்கப்போகிறாள் என்று அவர் நினைத்தார். அவள் கண் அவருக்குப் பின்னால் போயிற்று. லாரியின் கூரைக்குமேல் பிதுங்கி நின்ற மரங்களின் தலைகளைப் பார்த்தாள், அவருக்கும் முகப்புக்கும் இடையில் எதுவுமே இல்லாததைப் பார்த்தாள். வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டுத் திரும்பி ஓடினாள்.

"எறங்குங்கடி! பாட்டாவது ஒண்ணாவது! அந்த ஆளு பாதி வழியிலயே நிக்கட்டும், எறங்கி மேல ஏறுங்கடி!"

பெண்கள் அலறிக்கொண்டு குதிப்பதும் செருப்புகள் பாறையில் வழுக்குவதும் கேட்டன. டென்கொராங்குக்கு உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

அப்போது மேலே, இரண்டு வளைவுக்கு அப்பால், இன்னொரு வண்டி நீள ஹார்ன் கொடுத்தது.

ஓட்டுநர் தன் லாரியைப் பார்த்தான். அதுவும் இப்போது வளைவை அடைத்துக்கொண்டுதான் நின்றது. மரங்களின் வால் பின்னால் சாலையில் நீட்டிக்கொண்டிருந்தது. அவற்றைப் பிடித்திருந்தது ஒரு சங்கிலி. பெண்கள் ஏறிக்கொண்டிருந்த சரிவு அதற்கு நேர் கீழே. அவன் இலைகளைப் பார்த்தான். பிறகு டென்கொராங்கைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினான்.

"பொத்தான விடுப்பா, கிழிச்சுப் போட்டுட்டு வா!" என்று கத்திக்கொண்டே டென்கொராங் மேலே ஓடினார். வாழ்நாளில் அவ்வளவு வேகமாக அவர் எங்கேயும் போனதில்லை.