இறக்கமாக இருந்த பக்கம்

டாக்டர் நடக்கச் சொன்ன நாளிலிருந்து அத்தான் நடையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து பார்த்தார். சர்க்கரையைக் குறைத்தார். வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு குடித்தார். பள்ளி வேன் ஓட்டுகிறவர். பதினெட்டு வருஷம் உட்கார்ந்தே உழைத்த உடம்பு அது. கடைசியில் அக்காதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஊருக்கு வெளியே காட்டுக்குள் ஒரு சுற்றுப்பாதை இருந்தது, மொத்தமே மூன்று கிலோமீட்டர். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு ஏற்ற சுலபமான பாதை என்று நுழைவாயில் பலகையிலேயே எழுதியிருந்தார்கள். துணைக்குத் தம்பியையும் வரச் சொன்னாள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தூக்கம்தான். இருந்தாலும் அக்கா சொல்லை அவன் தட்டியதில்லை.

காலையில் பெய்த மழையால் அன்றைக்குக் காட்டில் ஈ காக்கை இல்லை. அக்காவின் எட்டு வயது மகளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் முன்னால் ஓடிக்கொண்டே இருந்தாள். "பாருடா, இண்டிகேட்டர் போடாம ஓவர்டேக் பண்றா" என்றார் அத்தான். முதல் முக்கால் மணி நேரம் இப்படித்தான் சிரிப்பும் பேச்சுமாகப் போனது.

ஒன்றரை கிலோமீட்டர் என்று எழுதிய கல்லுக்குப் பக்கத்தில் அத்தான் உட்கார்ந்தார். அந்தக் குளிரிலும் அவருக்குச் சட்டை நனைய வேர்த்திருந்தது. வாயுவாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இடது கையைத் தேய்த்தார். தம்பிக்கு அது வெறும் வாயுவாகத் தெரியவில்லை. போனை எடுத்தான், சிக்னல் துளிகூட இல்லை. வந்த வழியே திரும்பினால் நீளமாகப் படிகள் ஏற வேண்டும். முன்னால் கண்ணுக்கெட்டிய வரை இறக்கம். இரண்டு பக்கமும் ஒரே தூரம். முன்னாலேயே போய்விடலாம், மெதுவாக நடந்தால் போதும் என்றான். யாரும் மறுக்கவில்லை. அத்தான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

பத்து நிமிஷ நடையில் ஓடை வந்தது. ஓடைமேல் பாலம் இல்லை. பழுது பார்ப்பதற்காகப் பலகைகளைப் பெயர்த்து எடுத்திருந்தார்கள். இரண்டு இரும்புச் சட்டங்கள் மட்டும் கிடந்தன. 'வழி அடைக்கப்பட்டுள்ளது' என்ற அறிவிப்பு எதிர்க்கரையில், அந்தப் பக்கமாக வருகிறவர்கள் பார்க்கும்படி கட்டியிருந்தது. இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. கீழே மழைத் தண்ணீர் மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது.

அத்தான் அதைப் பார்த்துவிட்டு அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்தார். முகம் சாம்பல் பூத்துவிட்டது.

ஓடிப்போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்றாள் அக்கா. அவன் கிளம்பத் திரும்பியபோது அத்தான் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போகாதேடா. நீயும் போயிட்டா இதுங்க ரெண்டும் என்னை வெச்சுக்கிட்டு என்ன செய்யும்?"

அந்தப் பிடியை உதறிவிட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை. குனிந்து அவரை முதுகில் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினான்.

இரும்பையும் மோட்டாரையும் தூக்கிப் பழகிய தோள்தான். ஆனாலும் நூறடிக்குள் நின்று அவரை மேலே ஏற்றிப் பிடிக்க வேண்டியிருந்தது. அக்கா பின்னாலிருந்து கணவரின் முதுகைத் தாங்கிக்கொண்டு வந்தாள். வாலு தண்ணீர் பாட்டிலைச் சுமந்து வந்தாள். இரண்டு இடத்தில் இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினான். அத்தானின் மூச்சு அவன் பிடரியில் சூடாகப் பட்டுக்கொண்டே இருந்தது. அவன் கவனமெல்லாம் அந்தச் சூட்டில்தான் இருந்தது.

கல்லைத் தாண்டிப் படிகளில் பாதி ஏறியபோது அது நின்றுவிட்டது.

இன்னும் ஒரு படி ஏறிப் பார்த்தான். இன்னும் ஒன்று. பிடரி குளிர்ந்துகொண்டே போனது. நிற்க வேண்டும் என்று தோன்றியது. நின்று என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. வழுக்குகிற படியில், அந்தக் குழந்தையின் கண்ணெதிரே எப்படி இறக்குவது?

"இதோ வந்துட்டோம் அத்தான். இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று சத்தமாகச் சொன்னான். அதற்குப் பிறகு வாசல் வரைக்கும் அதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தான்.

வாசலில் டிக்கெட் கொடுக்கிறவர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். வந்த நர்ஸ் அத்தானின் கண்ணை விரித்துப் பார்த்தாள், நெஞ்சை அழுத்தினாள், பிறகு கையை எடுத்துவிட்டாள். மூச்சு எப்போது நின்றது, உடனே நெஞ்சை அழுத்தினீர்களா என்று அவனைக் கேட்டாள். அவன் இல்லை என்று தலையாட்டினான். அப்படி ஒன்று செய்யலாம் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான்கு மாதம் கழித்து அக்கா வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகுகிறதென்று வந்தான். வாலு பள்ளிக்குப் போயிருந்தாள். சிங்க்குக்கு அடியில் படுத்து நட்டை முடுக்கிக்கொண்டே, அக்கா முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"முன்னால போகலாம்னு நான்தான் சொன்னேன். படியிலயே தெரிஞ்சும் நிக்காம வந்துட்டேன்."

அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. தனக்கும் படியிலேயே தெரியும் என்றாள். உள்ளங்கைக்குக் கீழே அவர் முதுகு அசையவில்லையாம். குழந்தைக்காகத்தான் அவளும் வாய் திறக்கவில்லை.

"நாம திரும்பியிருந்தா?" என்றான்.

"டாக்டர்கிட்ட கேட்டேன். அரை மணி முன்னாடி வந்திருந்தா பிழைச்சிருக்கலாம்னார். உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். நீயா கேட்டுட்டே."

அவன் சிங்க்குக்கு அடியிலேயே கிடந்தான். அவள் மிச்ச வெங்காயத்தையும் நறுக்கி முடித்தாள். பிறகு அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், கையைக் கழுவிக்கொண்டு வா என்றாள்.